பனிக்கடலும் பள்ளிக்கூடமும்

உலகின் வடமுனையை அண்டி வாழும் மக்களைப் பற்றி நம்மில் பலர் அறிந்திருப்பது, சிறு வயதில் படித்த ஒரேயொரு பாடத்தின் அளவுதான். பனிக்கட்டியால் கட்டிய வீடு, நாய்கள் இழுக்கும் சறுக்கு வண்டி, தோலாடை, சீல் வேட்டை. இவற்றோடு அந்தப் பாடம் முடிந்துவிடும். அவர்களை ‘எஸ்கிமோக்கள்’ என்று அழைக்கவும் அதே பாடம்தான் நமக்குக் கற்றுத் தந்தது. அது பிறர் இட்ட பெயர். கனடாவிலும் கிரீன்லாந்திலும் உள்ளவர்கள் தங்களை இனுயிட் என்கிறார்கள். அலாஸ்காவின் வடகரையோர் இனுப்பியாட். பெரிங் கடலின் நடுவே செயின்ட் லாரன்ஸ் தீவில் வாழ்வோர் யூப்பிக். இம்மூன்று பெயர்களுக்கும் ‘மனிதர்’, ‘மெய்யான மனிதர்’ என்பதே பொருள்.

இக்கட்டுரை அவர்களுடைய வாழ்க்கை விநோதங்களைப் பற்றியதன்று. உறைந்த கடலைப் பற்றி அவர்கள் சேர்த்து வைத்திருந்த அறிவுக்கும், அவர்களுக்கு அறிவு புகட்ட வந்த பள்ளிக்கூடத்துக்கும் இடையே ஏறத்தாழ நூறாண்டுகள் நடந்த ஒரு வழக்கைப் பற்றியது. அந்த வழக்கில் அரசு மட்டுமன்று, திருச்சபைகளும் ஒரு தரப்பாக நின்றன. ஆகவே நாமும் அதைத் தெரிந்துகொள்வது நல்லது.

முதலில் மொழியைப் பற்றி ஒரு சொல். வெப்ப நாட்டவராகிய நமக்குப் பனி என்றால் மார்கழிக் காலையில் புல்லின்மேல் நிற்பதும் பனிதான், மலையுச்சியை மூடுவதும் பனிதான், கண்ணை மறைக்கும் மூடலும் பனிதான். உறைந்த கடலுக்கென்று நம்மிடம் தனிச்சொல் இல்லை; அதற்குத் தேவையும் நேர்ந்ததில்லை. ‘கடற்பனி’ என்ற சொல்லை இங்கே அந்தப் பொருளில் கையாள்கிறேன். இனுப்பியாட் மொழியில் கடற்பனிக்குப் பொதுப்பெயர் ‘சிகு’. ஆனால் பொதுப்பெயரை நம்பி யாரும் அதன்மேல் கால் வைப்பதில்லை.

அவர்கள் மொழியில் பனிக்கு இத்தனை சொற்கள், அத்தனை சொற்கள் என்று ஒரு கதை உலகெங்கும் உலவுகிறது. மானிடவியல் அறிஞர் பிரான்ஸ் போவாஸ் 1883, 1884ஆம் ஆண்டுகளில் கனடாவின் பாஃபின் தீவில் இனுயிட்டுகளுடன் வாழ்ந்தவர். 1911இல் வெளியிட்ட ஒரு நூலின் முன்னுரையில், பனிப்பொழிவு தொடர்பான நான்கு சொற்களை மட்டுமே அவர் எடுத்துக்காட்டாகக் கொடுத்தார். பின்னால் எழுதியவர்களின் கையில் அந்த நான்கு பெருகிப் பெருகி நூறைத் தாண்டியது. பிறகு மொழியியலார் அதைக் கேலி செய்து ஒதுக்கினார்கள். இரண்டுமே பயனற்ற பேச்சு என்பது என் எண்ணம். எத்தனை சொற்கள் என்று எண்ணுவதைவிட, ஒரு சொல் தெரியாவிட்டால் என்ன ஆகும் என்று கேட்பதே பொருத்தமான கேள்வி. பனியின்மேல் வேட்டைக்குப் போகிறவனுக்கு அது உயிர் போகும் கேள்வி.

உப்புநீர் ஏறத்தாழ சுழியத்துக்குக் கீழ் 1.8 பாகை செல்சியஸில் உறையத் தொடங்குகிறது. உறையும்போது உப்பை வெளியே தள்ளுகிறது. முழுவதும் தள்ளிவிட முடியாததால் இளம் கடற்பனி நன்னீர்ப் பனிபோல் விறைத்து நிற்பதில்லை. காலடியில் வளைந்து கொடுக்கிறது. ஏரிப் பனி சட்டென்று உடையும். கடற்பனியோ எச்சரித்துவிட்டுத்தான் உடையும், எச்சரிக்கையைக் கேட்கத் தெரிந்தவனுக்கு. கருநிறமாயிருந்தால் மெல்லியது, சாம்பல் நிறமானால் சற்றுத் தடித்தது, வெளுக்க வெளுக்க உறுதி கூடியது. வேட்டைக்காரன் கையில் ‘உனாக்’ என்ற நீண்ட கோல் இருக்கும். அதன் முனையால் முன்னே குத்திப் பார்த்தே அவன் அடியெடுத்து வைப்பான். ஒரே குத்தில் கோல் உள்ளே போய்விட்டால் அந்தப் பனி அவனைத் தாங்காது.

கரையோடு ஒட்டி உறைந்து அசையாமல் நிற்பது ‘துவாக்’. அதற்கப்பால் காற்றோடும் நீரோட்டத்தோடும் அலையும் மிதவைப் பனி. இரண்டுக்கும் இடையே திறக்கும் நீர்வழி ‘உயினிக்’; வசந்தத்தில் திமிங்கலம் வரும் பாதை அதுவே. மிதவைப் பனி கரைப்பனியை மோதி நெருக்கும்போது பாளங்கள் ஒன்றன்மேலொன்று ஏறி மலைத்தொடர் போல் குவிவது ‘இவுனிக்’. அந்தக் குவியல் கனத்து, அதன் அடி கடலடித் தரையில் ஊன்றிவிட்டால், நங்கூரமிட்டதுபோல் கரைப்பனி முழுவதையும் அது பிடித்துக்கொள்ளும். ஊன்றியதா ஊன்றவில்லையா என்பதை மேலிருந்து பார்த்தே சொல்ல வேண்டும். பல ஆண்டுகள் உருகாமல் கிடந்து உப்பை இழந்த பழம்பனிக்கு ‘பிகலுயாக்’ என்று பெயர். கடல் நடுவே தாகத்துக்கு நீர் தருவது அதுதான். அதை வெட்டி உருக்கிக் குடிப்பார்கள். வானமும் ஒரு வரைபடம். தொலைவில் திறந்த நீர் இருந்தால் அதன்மேலுள்ள மேகத்தின் அடிவயிறு கறுத்திருக்கும். பனி இருந்தால் வெளுத்திருக்கும்.

இந்த அறிவு கற்பிக்கப்பட்ட முறையும் நம்முடைய முறையன்று. சிறுவன் தந்தையோடும் தாய்மாமனோடும் சறுக்கு வண்டியின் பின்னால் போவான். பெரியவர் நின்றால் அவனும் நிற்பான். அவர் பார்க்கும் திசையில் அவனும் பார்ப்பான். விளக்கவுரை அதிகமிராது. துருவித் துருவிக் கேள்வி கேட்பது நல்ல மாணவனின் அடையாளமாகக் கருதப்படவில்லை, கவனிப்பதே அடையாளம். பல குளிர்காலங்கள் இப்படிப் போனால்தான் ஒருவன் தனியே போகத் தகுதி பெறுவான். குளிர்காலம் முழுவதும் வகுப்பறையில் உட்கார வைக்கப்பட்ட ஒரு பிள்ளைக்கு இந்தப் பாடம் கிடைக்க வழியில்லை என்பது இதிலிருந்தே விளங்கும்.

வகுப்பறை அங்கே வந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில். ஷெல்டன் ஜாக்சன் என்ற பிரெஸ்பிட்டேரியன் மறைப்பணியாளர் 1885இல் அலாஸ்காவின் கல்விக்குப் பொறுப்பான அரசு முகவராக நியமிக்கப்பட்டார். அன்று அரசின் கல்விப் பணமும் சபைகளின் பணியாளர்களும் ஒரே படகில் பயணம் செய்தார்கள். பெரிங் நீரிணையின் ஓரத்தில், ஆசியாவை நோக்கி நிற்கும் வேல்ஸ் என்ற ஊரில் 1890இல் பள்ளி திறக்கப்பட்டது. ஊரார் அதைக் கிங்கிகின் என்பார்கள். எழுத்தும் மருந்தும் வந்தன. அவற்றைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. கூடவே ஆங்கிலம் மட்டுமே பேச வேண்டும் என்ற விதியும் வந்தது. தாய்மொழியில் பேசிய பிள்ளைகள் தண்டிக்கப்பட்டதை அலாஸ்கா முழுவதும் முதியோர் பலர் பின்னாளில் சாட்சியமாகச் சொல்லியிருக்கிறார்கள். 1918இன் இறுதியில் பரவிய விஷக்காய்ச்சல் வேல்ஸ் ஊரில் ஏறத்தாழ பாதிப் பேரைக் கொண்டுபோய்விட்டது. கற்பிக்க வேண்டிய பெரியவர்கள் பலர் ஒரே மாதத்தில் மறைந்தார்கள்.

தொடக்கப் பள்ளிக்கு மேல் படிக்க விரும்பிய பிள்ளைகள் ஊரைவிட்டே போகவேண்டியிருந்தது. தென்கிழக்கு அலாஸ்காவின் ஸிட்காவில் 1947இல் திறந்த மவுண்ட் எட்ஜ்கம் உறைவிடப் பள்ளிக்குச் சிலர், அதைவிடத் தொலைவில் ஆரகன் மாநிலத்துச் செமாவா பள்ளிக்குச் சிலர். இலையுதிர் காலத்தில் போய் வசந்தம் முடியும்போது திரும்புவார்கள். அதாவது, பனி உறைவதையும் பார்க்கமாட்டார்கள், உடைவதையும் பார்க்கமாட்டார்கள். இந்த ஏற்பாட்டை எதிர்த்துச் சிற்றூர் மாணவர்கள் தொடுத்த வழக்கில் 1976இல் உடன்பாடு ஏற்பட்டு, 126 சிற்றூர்களில் உயர்நிலைப் பள்ளி அமைப்பதாக அலாஸ்கா மாநிலம் ஒப்புக்கொண்டது. வழக்குத் தொடர்ந்தவர்களுள் ஒரு யூப்பிக் மாணவியின் பெயராலேயே ‘மாலி ஹூச் வழக்கு’ என்று அது இன்றும் வழங்கப்படுகிறது.

நம் திருச்சபையின் பங்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது ஒரே நிறமுடையதன்று.

பெரிங் கடலில் கரையிலிருந்து ஏறத்தாழ 65 கி.மீ. தள்ளி, செங்குத்தான பாறையாய் நிற்கிறது கிங் தீவு. அதன் சொந்தப் பெயர் உகியுவாக். பாறைச் சரிவில் மரக்கால்களை ஊன்றி, அவற்றின்மேல் வீடுகளைக் கட்டி ஏறத்தாழ 200 பேர் வாழ்ந்தார்கள். சுற்றிலும் ஓயாமல் நகரும் பனி; கரையோடு நிலைத்து நிற்கும் அகன்ற பனிவெளி அங்கே இல்லை. அந்த நகரும் பனியின்மேல் நடந்து சீலும் வால்ரஸும் வேட்டையாடியவர்கள் அவர்கள். நீரோட்டம் திசை மாறினால் மனிதன் பனியோடு சேர்ந்து கடலுக்குள் போய்விடுவான். கியூபெக்கில் பிறந்த இயேசு சபைக் குரு பெல்லர்மின் லஃபோர்ச்சூன் 1903இல் நோம் நகருக்கு வந்து, இம்மக்களிடையே 1947இல் இறக்கும்வரை பணிசெய்தார். 1929இல் தீவிலேயே ஆலயம் எழுந்தது. இனுப்பியாட் மொழியை அவர் நன்றாகக் கற்றார். மந்திரவாதிகளின் செல்வாக்கை விடாமல் எதிர்த்தவர்தான் அவரும். ஆயினும் மொழியைப் பிடுங்கவில்லை. வேட்டையை இழிவாகக் கருதவுமில்லை. பணித்தளத்தின் நாட்குறிப்பில் காற்று, பனி, வேட்டையில் கிடைத்தது, கிடைக்காதது எல்லாம் எழுதி வைத்தார். கடற்பனிக் கண்காணிப்பு என்ற சொல்லை அவர் கேள்விப்பட்டிருக்கமாட்டார்.

அவர் மறைந்து பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1959இல், அரசு அந்தத் தீவின் பள்ளியை மூடிவிட்டது. பள்ளியின் மேலிருக்கும் பாறை சரியக்கூடும் என்பது ஒரு காரணம். தீவுக்கு ஆசிரியர் கிடைப்பதில்லை என்பது மற்றொன்று. பிள்ளைகளைப் படிக்க வைக்க வேண்டுமானால் பெற்றோர் நோம் நகருக்குக் குடிபெயர்வதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. 1960களின் நடுப்பகுதிக்குள் தீவு காலியாயிற்று. ஒரு போரோ கொள்ளை நோயோ செய்யாததைப் பள்ளிக்கூடம் ஒன்றின் பூட்டு செய்தது. டீனா கிங்ஸ்டன் என்ற மானிடவியல் பேராசிரியை அத்தீவு மக்களின் வழிவந்தவர். 2005, 2006ஆம் ஆண்டுகளின் கோடையில் அவர் முதியோரையும் இளையோரையும் அறிவியலாரையும் தீவுக்கு அழைத்துச் சென்று, இடப்பெயர்களையும் அவற்றோடு ஒட்டிய நினைவுகளையும் பதிவு செய்தார். ஒவ்வொரு பாறைக்கும் ஒவ்வொரு வளைவுக்கும் பெயர் இருந்தது.

கனடாவின் செஸ்டர்ஃபீல்டு இன்லெட் என்ற இடத்திலோ நிலைமை வேறு. அங்கே அமலமரி தியாகிகள் சபைக் குருக்களும் சாம்பல் நிற அருட்சகோதரிகள் எனப்படுவோரும் 1955 முதல் 1969 வரை துர்க்கெத்தில் இல்லம் என்ற மாணவர் இல்லத்தை நடத்தினார்கள். பனிவெளியின் முகாம்களிலிருந்து பிள்ளைகள் விமானத்தில் கொண்டுவரப்பட்டார்கள். பின்னாளில் நுனாவுட் ஆட்சிப் பகுதியின் ஆணையராகப் பதவி வகித்த பீட்டர் இர்னிக் அவர்களுள் ஒருவர். 1958இல் தாம் பெற்றோரிடமிருந்து அழைத்துச் செல்லப்பட்டதை அவர் வெளிப்படையாகப் பலமுறை சொல்லியிருக்கிறார். 1993இல் முன்னாள் மாணவர்கள் அங்கே ஒன்றுகூடியபோது, உடலளவிலும் பாலியல் முறையிலும் தாங்கள் பட்ட துன்பங்களைப் பேசினார்கள். 1996இல் சர்ச்சில்–ஹட்சன் பே மறைமாவட்ட ஆயர் மன்னிப்புக் கேட்டார். 2022ஆம் ஆண்டு ஜூலை 29ஆம் நாள், திருத்தந்தை பிரான்சிஸ் நுனாவுட்டின் தலைநகர் இகாலுயிட்டுக்குச் சென்று, ஒரு தொடக்கப் பள்ளியில் உறைவிடப் பள்ளிகளில் துன்புற்றவர்களைச் சந்தித்து மன்னிப்பு வேண்டினார். தளர்ந்த முழங்காலோடு சக்கர நாற்காலியில் அவர் மேற்கொண்ட பயணம் அது. அந்தப் பள்ளிகளில் நடந்த கொடுமைகளைப் பற்றி உலகம் நிறையப் பேசிவிட்டது, பேச வேண்டியதே. ஆனால் அடியும் வசையும் இல்லாத, அன்பான ஆசிரியரிடம் படித்த பிள்ளையும் ஒன்றை இழந்தான் என்பதை நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. அவன் வீடு திரும்பியபோது, தந்தையின் பனி அவனுக்கு வாசிக்கத் தெரியாத புத்தகமாக இருந்தது.

அறிவியலின் பக்கத்துக்கு இப்போது வருவோம். இரண்டாம் உலகப் போருக்குப்பின், 1947இல், அமெரிக்கக் கடற்படை அலாஸ்காவின் வடகோடியிலுள்ள பேரோ ஊரில் ஆர்க்டிக் ஆய்வுக்கூடத்தை நிறுவியது. (2016 முதல் அந்த ஊர் தன் பழம்பெயரான உட்கியாக்விக் என்பதையே மீண்டும் ஏற்றிருக்கிறது.) ஆய்வாளர்களைப் பனியின்மேல் அழைத்துப் போனவர்களும், போன இடத்திலிருந்து உயிரோடு திருப்பிக் கொண்டுவந்தவர்களும் இனுப்பியாட்டுகளே. கட்டுரைகளில் அவர்கள் பெயர் பெரும்பாலும் நன்றியுரையோடு நின்றுவிட்டது. ரிச்சர்ட் நெல்சன் என்ற இளைஞர் 1964இல் வெயின்ரைட் ஊருக்கு வந்து ஓராண்டு தங்கினார். பனியில் விமானம் விழுந்தால் விமானிகள் எப்படிப் பிழைப்பது என்று அறிய அமெரிக்க விமானப்படை அனுப்பிய பணி அது. 1969இல் அவர் வெளியிட்ட நூல்தான் கடற்பனியைப் பற்றிய இனுப்பியாட் அறிவை விரிவாக எழுத்தில் கொண்டுவந்த முதல் பெரும் முயற்சி. கேட்டது விமானப்படை, கிடைத்தது ஒரு சமூகத்தின் பாடத்திட்டம். வரலாறு சில நேரம் இப்படித்தான் கைமாற்றிக் கொடுக்கிறது.

உண்மையான மோதல் 1977இல் வந்தது. போஹெட் எனப்படும் வில்தலைத் திமிங்கலம் அழிந்துவருகிறது, மிஞ்சியிருப்பது சில நூறுகளோ அதிகம் போனால் இரண்டாயிரமோதான் என்று அறிவியலார் கணித்தார்கள். அந்தக் கணக்கை வைத்து, பன்னாட்டுத் திமிங்கல ஆணையம் அலாஸ்கா மக்களின் பாரம்பரிய வேட்டையை அடியோடு நிறுத்த முடிவு செய்தது. திமிங்கலத்தைக் கடலின் கொடையாகக் கருதி, இறைச்சியை ஊர் முழுவதற்கும் பகிர்ந்து உண்டு வாழ்ந்த மக்களுக்கு அது இடி விழுந்தது போலாயிற்று. அதே ஆண்டு அவர்கள் தங்களுக்கென்று ஒரு திமிங்கல வேட்டையர் ஆணையத்தை அமைத்துக்கொண்டு வாதிட்டார்கள். 1978ஆம் ஆண்டுக்கு அவர்களுக்குக் கிடைத்தது, எல்லா ஊர்களுக்குமாகச் சேர்த்து, கரை சேர்ப்பது 12 அல்லது எறியீட்டி பட்டது 18 என்ற வரம்பு.

அவர்கள் சொன்னது எளிமையானது: உங்கள் கணக்குத் தவறு. அறிவியலார் பனி விளிம்பில் நின்று, திறந்த நீர்வழியில் கண்ணுக்குத் தெரிந்த திமிங்கலங்களை எண்ணினார்கள். திமிங்கலம் பனிக்கு அஞ்சித் திறந்த நீரிலேயே போகும் என்பது அவர்களுடைய ஊகம். வேட்டைத் தலைவர்களோ, திமிங்கலங்கள் தொலைவில் பனியின் அடியிலும் போகின்றன, தலையால் பனியை முட்டி உடைத்து மூச்சு விடுகின்றன, நீர்வழி மூடிய நாளிலும் பயணம் நிற்பதில்லை என்றார்கள். ஹேரி ப்ரௌவர் என்ற முதிய வேட்டைத் தலைவர் இதைத் தாமஸ் ஆல்பர்ட் என்ற அறிவியலாருக்குப் பொறுமையாக, பலமுறை விளக்கினார். ஆல்பர்ட்டின் பெருமை, கேட்டதை நம்பியது மட்டுமன்று. அதைச் சோதிக்கும் வழியையும் தேடியது. 1972இல் இனுப்பியாட்டுகளே உருவாக்கிக்கொண்ட நார்த் ஸ்லோப் உள்ளாட்சி அதற்குப் பணம் தந்தது. நீருக்கடியில் ஒலிவாங்கிகளை இறக்கினார்கள். கண்ணுக்குத் தெரியாத திமிங்கலங்களின் குரல் பனிக்கடியிலிருந்து கேட்டது. 1980களில் கணக்கு ஏழாயிரத்தைத் தாண்டியது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 17,000. இதற்குள் உண்மையாகவே பெருகியதும் அடக்கம் என்பதை மறக்கலாகாது. என்றாலும் 1977இன் எண் தவறு என்பதில் பிறகு யாருக்கும் ஐயம் இருக்கவில்லை.

முதியோர் சொன்னதெல்லாம் அப்படியே வேதவாக்கு என்று காட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. 1997ஆம் ஆண்டு மே மாதம் அதே பேரோவில், வேட்டைக் குழுக்கள் முகாமிட்டிருந்த கரைப்பனி பிளந்து கடலுக்குள் நகர்ந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் அதன்மேல் சிக்கினார்கள். அனுபவம் மிக்க தலைவர்கள் அவர்களிடையே இருந்தார்கள். ஹெலிகாப்டர்கள் வந்து எல்லாரையும் மீட்டன, உயிர்ச்சேதமில்லை. பனியை அறிந்தவனும் பனியிடம் ஏமாறுவான். அதை முதலில் ஒப்புக்கொள்பவர்களும் அவர்களே.

செயற்கைக்கோள் 1978இன் இறுதியிலிருந்து கடற்பனியைத் தொடர்ச்சியாக அளந்துவருகிறது. கோடையின் முடிவில் மிஞ்சும் பனியின் பரப்பு 2012ஆம் ஆண்டு செப்டம்பரில், பதிவான காலத்திலேயே மிகக் குறைந்த அளவாக ஏறத்தாழ 34 இலட்சம் சதுர கி.மீ. ஆயிற்று என்பதை நமக்குச் சொன்னது அதுதான். ஆயினும் அந்த நீண்ட காலப் பதிவில் ஒரு புள்ளி என்பது பக்கத்துக்கு ஏறத்தாழ 25 கி.மீ. உள்ள ஒரு சதுரம். ஒரு வேட்டைக்காரனின் முழு உலகமும் அந்த ஒரு புள்ளிக்குள் அடங்கிவிடும். பனி எப்போது கரையை ஒட்டியது, இவுனிக் ஊன்றியதா, எந்த வாரம் நடமாட்டம் நின்றது என்பதை மேலிருந்து பார்ப்பவனால் சொல்ல இயலாது. இந்த இடைவெளியை நிரப்பவே ஊராரின் அன்றாடப் பதிவு தொடங்கியது.

செயின்ட் லாரன்ஸ் தீவின் கேம்பெல், சவூங்கா என்ற ஊர்களில் 2000, 2001 குளிர்காலத்தில் யூப்பிக் பெரியவர்கள் பனியையும் வானிலையையும் நாள்தோறும் குறித்தார்கள். அந்தக் குறிப்புகள் 2004இல் நூலாயின. கான்ராட் ஊசேவா என்ற பெரியவர் தொகுத்த யூப்பிக் பனிச்சொற்கள் அதில் இடம்பெற்றன. நூலின் முகப்பில் ஊர்ப் பெரியவர்களின் பெயர்கள் முதலில். ஸ்மித்சோனியன் நிறுவனத்து அறிஞர் இகோர் க்ரூப்னிக்கின் பெயர் கடைசியில். நன்றியுரையிலிருந்து முகப்புக்கு வர அரை நூற்றாண்டு ஆகியிருக்கிறது. 2006 முதல் அலாஸ்கா பல்கலைக்கழகத்தின் துணையோடு பேரோவில் ஜோ லேவிட், வேல்ஸில் வின்ட்டன் வேயாபுக் முதலியோர் இவ்வாறே பதிவுசெய்யத் தொடங்கினார்கள். காற்றின் திசை, பனியின் நிலை, வந்த விலங்குகள், யார் எங்கே போனார்கள் என்று எல்லாம் கலந்த குறிப்புகள் அவை. அறிவியலார் விரும்பும் நேர்த்தியான அட்டவணை அன்று. ஆனால் பனியோடு வாழ்க்கை பின்னிக் கிடப்பதை அட்டவணை காட்டாது.

வேயாபுக் இன்னொன்றும் செய்தார். தம் ஊரில் தாய்மொழியைச் சரளமாகப் பேசுவோர் விரல்விட்டு எண்ணும் நிலைக்கு வந்திருந்தனர். பனியைப் பற்றி இளைஞர்கள் ஆங்கிலத்தில்தான் பேசிக்கொண்டார்கள். ஆங்கிலத்திலோ அதற்குரிய சொற்கள் இல்லை. அவர் புகைப்படக் கருவியோடு பனியின்மேல் போய், ஒவ்வொரு நிலையையும் படமெடுத்து, படத்தின் மேலேயே பெயரை எழுதினார். க்ரூப்னிக்கோடு சேர்ந்து 2012இல் அதை அகராதியாக வெளியிட்டார். ஏறத்தாழ 120 சொற்கள். 1922இல் ஆல்ஃபிரட் பெய்லி என்பவர் அதே ஊரில் எடுத்த படங்களும் அதில் உண்டு. இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கிறவனுக்கு, பனி எவ்வளவு மாறியிருக்கிறது என்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

அகராதி ஒன்று வந்ததால் அறிவு காப்பாற்றப்பட்டுவிட்டதா என்று கேட்கலாம். கேட்க வேண்டும். சொல் என்பது பெட்டியில் பூட்டிவைக்கும் நகையன்று. ‘உயினிக்’ என்று படத்தைப் பார்த்துச் சொல்லும் மாணவனுக்கும், அதன் விளிம்பில் நின்று காற்று மாறுவதை முகத்தில் உணர்ந்த அவன் பாட்டனுக்கும் இடையே உள்ள தூரம் பெரிது. இதைத் தொகுத்தவர்களே உணர்ந்திருந்தார்கள். அதனால்தான் கனடாவின் கிளைட் ரிவர், அலாஸ்காவின் பேரோ, கிரீன்லாந்தின் கானாக் என்ற மூன்று ஊர்களின் வேட்டையரும் ஆய்வாளரும் சேர்ந்து தொடங்கிய திட்டத்தில், பனியின் தடிமனை ஊராரே நிலையம் அமைத்து அளந்தார்கள். அதோடு ஓர் ஊரார் மற்ற ஊர்ப் பனியில் பயணம் செய்து, அங்குள்ளவர்களோடு பேசினார்கள். அதன் விளைவாக 2013இல் வந்த நூல் பனியின் அளவுகளோடு அதன் உணவு, உடை, கருவி, பாட்டு அனைத்தையும் கூறுகிறது. இக்லூலிக் பகுதியில் க்ளாடியோ அபோர்ட்டா என்ற ஆய்வாளர் கண்டதையும் இங்கே சொல்ல வேண்டும். ஆண்டுதோறும் பனி உருகி, அதன்மேலிருந்த தடமும் அழிகிறது. ஆனால் அடுத்த ஆண்டு பனி உறைந்ததும் அதே இடத்தில் அதே பாதை மீண்டும் தோன்றுகிறது. தலைமுறை தலைமுறையாக அது மனிதர்களின் நினைவில் மட்டுமே இருந்து வருகிறது.

இளையோர் இன்று பனியில் போவது இயந்திர வண்டியில், கையில் திசைகாட்டும் கருவியோடு. முதியோர் இதைக் குறை கூறினாலும் கருவியை எறிந்துவிடச் சொல்வதில்லை. லாப்ரடார் கரையிலுள்ள நெயின் ஊரில் 2009, 2010 குளிர்காலம் வழக்கத்துக்கு மாறாக வெதுவெதுப்பாக இருந்தபோது பனி ஏமாற்றியது. பின்னர் எடுத்த கணக்கில், பன்னிரண்டு பேரில் ஒருவர் பனி உடைந்து நீரில் விழுந்திருந்தார். அங்கிருந்து பிறந்ததுதான் பனியின் தடிமனைச் சறுக்கு வண்டியிலிருந்தே அளக்கும் கருவித் திட்டம். இனுயிட் இளைஞர்களே பயிற்சி பெற்று அதை இயக்குகிறார்கள். ஹட்சன் விரிகுடாவின் சனிகிலுவாக் என்ற தீவூரிலிருந்து 2019இல் ‘சிகு’ என்ற பெயரிலேயே ஒரு கைப்பேசிச் செயலி வந்தது. வேட்டைக்காரர் தாம் கண்ட பனியைத் தம் மொழிச் சொல்லாலேயே பதியலாம். பதிந்தது அவருக்கே உரியது. அந்த ஊரார் இதில் முன்னின்றதற்குக் காரணம் உண்டு. 1991, 1992 குளிர்காலத்தில் அவர்களைச் சூழ்ந்த கடலில் திறந்த நீர் உறைந்து மூடியதால் ஈடர் வாத்துகள் பெருந்தொகையாக மடிந்தன. பனியின் போக்கு மாறுவதை அவர்கள் அன்றே கவனித்திருந்தார்கள். அந்த ஊரின் கடற்பனி இன்று அப்பகுதிப் பள்ளிப் பாடமாகவும் ஆகியிருக்கிறது.

சட்டமும் பின்தொடர்ந்தது. 1999ஆம் ஆண்டு ஏப்ரல் 1ஆம் நாள் நுனாவுட் ஆட்சிப் பகுதி பிறந்தது. 2008இல் அது நிறைவேற்றிய கல்விச் சட்டம், முன்னோர் வழிவந்த இனுயிட் அறிவே பள்ளிக் கல்விக்கு அடித்தளம் என்று அறிவித்தது. 2019ஆம் ஆண்டு தொடங்கும் கல்வியாண்டுக்குள் எல்லா வகுப்புகளிலும் இனுயிட் மொழியில் கல்வி வழங்கப்படும் என்றும் வாக்களித்தது. அதற்கு வேண்டிய ஆசிரியர்கள் உருவாகவில்லை. ஆசிரியர்களில் பெரும்பாலோர் தெற்கிலிருந்து வந்து சில ஆண்டுகளில் திரும்பிவிடுகிறவர்கள். 2020 நவம்பரில் சட்டம் திருத்தப்பட்டு, மழலையர் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை இனுயிட் மொழிப்பாடத்தை முழுமையாக்கும் கெடு 2039 வரை தள்ளிப்போடப்பட்டது. அந்த ஆண்டு முதல் வகுப்பில் சேர்ந்த குழந்தை 2032இல் பள்ளிப்படிப்பை முடித்துவிடும்.